வெளிநாட்டில் டிகிரி படிக்க உதவித்தொகை: எங்கள் கவுண்டருக்கு வரும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் அக்ஷயா மையம், அதாவது கேரள அரசின் இ-சேவை மையம், நடத்துகிறேன். வருமானச் சான்றிதழுக்கும் ஆதார் திருத்தத்துக்கும் வருகிறவர்களோடு, நாலைந்து வருஷமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையும், கையில் ஒரு நோட்டீஸுமாக வந்து, "இந்த ஸ்காலர்ஷிப் நிஜமா?" என்று கேட்கிறவர்கள். என் அக்கா மகள் ஹங்கேரிக்கு அரசு உதவித்தொகையில் போன பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. வேலந்தாவளம், வண்ணாமடை, மீனாட்சிபுரம், அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்துகூட வருகிறார்கள். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். தொகையும் தேதியும் வருஷா வருஷம் மாறும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அரசு அல்லது பல்கலைக்கழகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

பிளஸ் டூ முடிச்ச கையோட வெளிநாட்டுல ஃப்ரீயா படிக்க முடியுமாண்ணா? எல்லாமே மாஸ்டர்ஸுக்குத்தான்னு சொல்றாங்களே?

முடியும். ஆனால் வாசல் குறுகல். நீங்கள் பேர் கேள்விப்பட்ட பெரிய உதவித்தொகைகளில் பாதிக்கு மேல் முதுகலைக்கு உரியவை. பிரிட்டனின் செவனிங், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கான ஃபுல்பிரைட், எல்லாமே டிகிரி முடித்தவர்களுக்கு. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டும் (DAAD) பெரும்பாலும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான் கொடுக்கிறது. இவற்றைத் தேடித் தேடிப் படித்துவிட்டு, கடைசி வரியில் 'இளங்கலைப் பட்டம் அவசியம்' என்று பார்த்து முகம் வாடிய பிள்ளைகள் நிறையப் பேர்.

இளங்கலைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அந்த நாட்டு அரசே கொடுப்பது: ஜப்பான், கொரியா, ஹங்கேரி, துருக்கி, ரஷ்யா. இன்னொன்று, பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து கொடுப்பது: அமெரிக்கக் கல்லூரிகள் சில, கனடாவில் ஒன்றிரண்டு. இத்தாலி இரண்டுக்கும் நடுவில். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

பையனுக்கு அம்பது பர்சென்ட் ஸ்காலர்ஷிப் கெடச்சிருச்சுங்க. லெட்டரே வந்திருச்சு. ஊருக்கெல்லாம் சொல்லீறலாமுங்களா?

கொஞ்சம் பொறுங்கள். கிடைத்தது எவ்வளவு என்று பார்க்காதீர்கள், பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். வருஷக் கட்டணம் 30,000 டாலர் என்று வையுங்கள். பாதி தள்ளுபடி போனால் 15,000. தங்க, சாப்பிட, இன்ஷூரன்ஸுக்கு இன்னொரு 15,000. ஆக வருஷம் 30,000 டாலர், நம் பணத்தில் 25 லட்சத்துக்கு மேல். நாலு வருஷத்துக்கு ஒரு கோடி. இதற்குப் பேர் ஸ்காலர்ஷிப், நிஜத்தில் ஆடித் தள்ளுபடி. விலையை ஏற்றி எழுதிவிட்டுக் குறைக்கிறார்கள்.

எந்தக் கடிதம் வந்தாலும் ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு, இன்ஷூரன்ஸ். நான்கையும் கூட்டி, அவர்கள் கொடுப்பதைக் கழித்தால் வருவது பாக்கி. அப்புறம் இது ஒரு வருஷத்துக்கா, படிப்பு முழுக்கவா என்று கேளுங்கள். முதல் வருஷத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிற கடிதங்களையும் பார்த்திருக்கிறேன். கீழே வரும் பதில்களில் 'பாக்கி' என்று நான் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கைத்தான்.

அப்போ பாக்கி கம்மியா வர்ற நாடு எதுன்னு நேரடியா சொல்லுங்க.

ஜப்பான் முதலில். அந்த நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட் உதவித்தொகையில் கட்டணம் இல்லை, விமான டிக்கெட் அவர்களுடையது, மாதம் 1,17,000 யென் கைக்கு வரும். முதல் வருஷம் ஜப்பான் மொழி, பிறகு நாலு வருஷப் படிப்பு. தூதரகம் வழியாக விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேர்காணல். கணக்குத் தாள் நம் பிளஸ் டூ பாணியில் இருக்காது, யோசிக்க வைக்கும். பழைய வினாத்தாள்களை அவர்களே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். பாக்கி கிட்டத்தட்டப் பூஜ்யம், அதனால் போட்டி கடுமை. கொரிய அரசின் ஜிகேஎஸ் திட்டமும் இதே மாதிரிதான்: ஒரு வருஷம் கொரிய மொழி, பிறகு பட்டப்படிப்பு. சராசரி 80 சதவீதம் வேண்டும், 25 வயதுக்குள் இருக்க வேண்டும். கொரிய மொழித் தேர்வில் மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்புக்குள் விடுவார்கள்.

ஹங்கேரியின் ஸ்டைபெண்டியம் ஹங்காரிகும் எனக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்தது. கட்டணம் இல்லை. விடுதி இடம், அல்லது வாடகைக்கு மாதம் 40,000 ஃபோரின்ட். கைச்செலவுக்கு 43,700 ஃபோரின்ட், அதாவது நம் பணத்தில் பத்துப் பன்னிரண்டாயிரம். அதில் மாதத்தை ஓட்ட முடியாது, வீட்டிலிருந்து கொஞ்சம் அனுப்பத்தான் வேண்டும். அக்கா மகளுக்கு முதல் குளிருக்குக் கோட்டும் ஷூவும் வாங்கவே தேங்காய் ஒரு வெட்டுப் பணம் போனது. முக்கியமான விஷயம், இதற்கு இரண்டு இடத்தில் விண்ணப்பிக்க வேண்டும்: ஹங்கேரியின் டெம்பஸ் அறக்கட்டளைத் தளத்தில் ஒன்று, நம் மத்தியக் கல்வி அமைச்சகத்தில் இன்னொன்று. ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் இலவு காத்த கிளிதான். கடைசித் தேதி வழக்கமாக ஜனவரி நடுவில் வரும்.

துருக்கி அரசுத் திட்டத்துக்கு ஜனவரி 10 முதல் பிப்ரவரி 20 வரை விண்ணப்பம் வாங்குவது வழக்கம். இளங்கலைக்கு வயது 21க்குள். ரஷ்ய அரசு ஒதுக்கீட்டில் கட்டணம் இல்லை, ஒரு சின்ன உதவித்தொகையும் வரும், ஆனால் தங்குவதும் சாப்பிடுவதும் பெரும்பாலும் நம் தலையில். விவரத்துக்குச் சென்னையில் ரஷ்ய மாளிகை இருக்கிறது.

இத்தாலியில வீட்டு வருமானம் கம்மின்னா சும்மாவே காசு குடுக்கறாங்களாமே, புரளியா?

புரளி இல்லை. அங்கே ஒவ்வொரு மாகாணத்திலும் படிப்புரிமை அலுவலகம் ஒன்று இருக்கிறது. குடும்ப வருமானமும் சொத்தும் ஒரு வரம்புக்குள் இருந்தால், வெளிநாட்டு மாணவருக்கும் கட்டண விலக்கு, கேன்டீன் சாப்பாடு, வருஷத்துக்குச் சில ஆயிரம் யூரோ. இத்தாலியக் கணக்கில் நம் ஊர்க் குடும்பங்களில் பெரும்பாலானவை வரம்புக்குள் வந்துவிடும். ஆங்கிலத்தில் நடக்கும் இளங்கலைப் படிப்புகள் பொலோன்யா, படுவா போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. சரி, எங்கே இடிக்கும்? மூன்று இடத்தில்.

வருமானத் தாள்கள் எல்லாம் அப்போஸ்டில் முத்திரையோடு (தாள் அசல்தான் என்று வெளிநாட்டுக்காக நம் அரசு போடும் முத்திரை), இத்தாலிய மொழிபெயர்ப்போடு போக வேண்டும். பணம் சேர்ந்தவுடன் வராது, முதல் தவணை வர மாதங்கள் ஆகும். விசாவுக்கும் ஆரம்ப மாதங்களுக்கும் நம் கைக்காசு வேண்டும். மூன்றாவதுதான் யாரும் சொல்லித்தராதது. முதல் வருஷ முடிவுக்குள் குறிப்பிட்ட அளவு கிரெடிட் (தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி) எடுக்காவிட்டால், உதவித்தொகை ரத்தாகி, வாங்கிய பணத்தையே திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

ஜெர்மனியில காலேஜ் ஃபீஸே கெடையாதுங்கறாங்க. அப்புறம் எதுக்கு ஸ்காலர்ஷிப்?

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்பது உண்மை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாகாணம் மட்டும் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் விசாவுக்கு ஒரு வருஷச் செலவுப் பணத்தை முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்: 11,904 யூரோ, கிட்டத்தட்ட 12 லட்சம். அது உங்கள் பணம்தான், மாதாமாதம் உங்களுக்கே வரும். இருந்தாலும் முதலில் அதைக் கையில் வைத்திருக்க வேண்டுமே.

இன்னொன்று, நம் பிளஸ் டூவை மட்டும் வைத்து நேராகப் பல்கலைக்கழகத்தில் நுழைய முடியாது. ஸ்டூடியன்கொலெக் என்ற ஒரு வருஷ ஆயத்தப் படிப்பு, அல்லது இந்தியாவிலேயே டிகிரியில் ஒரு வருஷம் முடித்திருப்பது, அல்லது ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருப்பது, இப்படி ஏதாவது ஒன்று வேண்டும். விசாவுக்கு முன், நம் மார்க் ஷீட்டெல்லாம் அசல்தான் என்று ஜெர்மன் தரப்பில் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்க வேண்டும், இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து அது கட்டாயம்.

அமெரிக்கா நமக்கெல்லாம் ஆகுமா? அது காசுக்காரங்க போற எடமில்லையா?

வேடிக்கை என்னவென்றால், கட்டணம் மிக அதிகமான கல்லூரிகளில்தான் ஏழை மாணவருக்குப் பாக்கி மிகக் குறைவு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவராக இருந்தாலும் பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் தேர்ந்தெடுத்துவிட்டு, குடும்பத்தால் கட்ட முடியாத தொகை முழுவதையும் தாங்களே ஏற்கின்றன. வருஷச் செலவு 80,000 டாலருக்கு மேல் போகிற இடம், ஆனால் கள் இறக்குகிறவர் வீட்டுப் பிள்ளை ஏறக்குறைய எதுவும் கட்டாமல் படிக்கலாம்.

ஆனால் உள்ளே போவது லேசில்லை. எம்ஐடியில் வெளிநாட்டு விண்ணப்பங்களில் நூற்றுக்கு மூன்றுகூடத் தேறுவதில்லை. அங்கே மட்டும் போட்டுவிட்டு உட்காருவது லாட்டரிச் சீட்டு வாங்கிவிட்டு வீடு கட்டத் தொடங்குவது மாதிரி. நம் ஊரில் அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எங்களால பைசா கட்ட முடியாதுன்னு உண்மையை எழுதினா சீட்டே குடுக்க மாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னார். மறைச்சிறலாமா?

அவர் சொன்னதில் பாதி உண்மை. மேலே சொன்ன சில கல்லூரிகளைத் தவிர, மற்ற அமெரிக்கக் கல்லூரிகள் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் எவ்வளவு உதவி கேட்கிறார் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. நிறையக் கேட்டால் வாய்ப்புக் குறையும்.

அதற்காக மறைத்தால் என்ன ஆகும்? சீட்டுக் கிடைக்கும், முழுப் பணம் கட்டச் சொல்வார்கள், அப்போது போய்க் கேட்டால் 'சேரும்போது கேட்காதவர்களுக்குப் பின்னால் கொடுப்பதில்லை' என்ற விதியைக் காட்டுவார்கள். பல கல்லூரிகளில் இந்த விதி இருக்கிறது. போக முடியாத சீட்டை வாங்கி என்ன செய்வது? கட்ட முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கு, ஆனா கையில காசு நிக்கறதில்ல. வில்லேஜ் ஆபீஸ்ல எழுவதாயிரம்னு வருமானச் சான்றிதழ் வாங்கிக் குடுத்தா போதுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். நம் ஊரில் வருமானச் சான்றிதழ் என்பது ரேஷன் கார்டுக்கும் ஃபீஸ் சலுகைக்கும் ஏற்றாற்போல் எழுதி வாங்கும் ஒரு தாள் என்று பழகிவிட்டது. வெளிநாட்டில் அந்தத் தாள் தனியாக நிற்காது. அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற விண்ணப்பத்தில் நிலம், வீடு, பேங்க் இருப்பு, கடன், தம்பி தங்கை படிப்புச் செலவு எல்லாம் வரும். இத்தாலியும் சொத்தைக் கேட்கும். வருமானம் எழுபதாயிரம் என்று சான்றிதழ் சொல்ல, அப்பாவின் பேங்க் பாஸ்புக்கில் தேங்காய் வியாபாரி ஆறு லட்சம் போட்டது தெரிந்தால், சந்தேகம் பிள்ளையின் விண்ணப்பம் முழுவதற்கும் பரவும்.

உண்மை வருமானத்தைச் சொன்னாலே போதும். நாலு ஏக்கர் தோப்பும் வருஷம் நாலைந்து லட்சமும் அமெரிக்கக் கணக்கில் குறைந்த வருமானம்தான், ஏழை என்று காட்ட இன்னும் குறைக்க வேண்டியதில்லை. விளைச்சல் ஏறி இறங்குவதை, வெள்ளை ஈ வந்த வருஷம் காய்ப்பு விழுந்ததை, போர்வெல் கடனை ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணைக்கலாம். அதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். சிஎஸ்எஸ் புரொஃபைலுக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்தடுத்தவற்றுக்கு 16 டாலர் கட்டணம். கட்ட முடியாதென்று கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டால் சிலர் விலக்குக் குறியீடு அனுப்புகிறார்கள்.

ரேஷன் கார்டு கேரளா, பிளஸ் டூ பொள்ளாச்சி, வீட்டுல பேசறது தமிழ். நாங்க எந்த கவர்மெண்ட்டுக்கிட்ட கேக்கறது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் இந்தியர், அவ்வளவுதான். எல்லைக்கோடு நம் அரசுகளிடம் கேட்கும்போதுதான் குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் வருஷத்துக்கு 36 லட்சம் வரை கொடுக்கிறது என்று படித்துவிட்டு ஓடிவருவார்கள். அது தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கு, அதுவும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும். தமிழ் பேசுவதால் மட்டும் கேரளக்காரருக்குக் கிடைக்காது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும் 125 இடம்தான், முதுகலையும் பிஎச்டியும் மட்டும்.

சாதிச் சான்றிதழிலும் கவனம் வேண்டும். ஒரே சமூகம் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஒரு பிரிவிலும் கேரளப் பட்டியலில் வேறு பிரிவிலும் இருக்கலாம். ஒரு மாநிலத்துச் சான்றிதழ் அடுத்த மாநிலத்தில் அதே சலுகையைத் தராது. மொத்தத்தில் இளங்கலைக்கு நம் பக்கத்து அரசுகளை நம்பி ஒரு வருஷத்தை வீணாக்காதீர்கள். டிகிரி முடித்து முதுகலைக்குப் போகும்போது இந்த வாசல்களைத் தட்டலாம்.

பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் பேசவே பயமா இருக்கு. ஐஇஎல்டிஎஸ் எழுதணுமா?

எங்கே போடுகிறீர்களோ அதைப் பொறுத்தது. ஐஇஎல்டிஎஸ் ஒருமுறை எழுத 18,000 ரூபாய் பக்கம் ஆகிறது, மதிப்பெண் இரண்டு வருஷம் செல்லும். டுவோலிங்கோ தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், செலவு அதில் பாதிக்கும் கீழே. அமெரிக்கக் கல்லூரிகள் பல ஏற்கின்றன. ஜப்பான், கொரியா, துருக்கி அரசுத் திட்டங்களில் அந்நாட்டு மொழியை முதல் வருஷம் அவர்களே கற்றுத்தருகிறார்கள்.

தமிழ், மலையாளம் இரண்டும் தெரிந்து, ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறும் பிள்ளை மொழி கற்பதில் மோசம் என்று நான் நினைக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பிலிருந்து தினம் ஒரு மணி நேரம் கேட்டும் படித்தும் வந்தால் எழுத்துத் தாள் வசப்படும். பேச்சுக்கு ஆள் வேண்டும். கோயம்புத்தூர் கோச்சிங்குக்குப் பஸ் செலவு செய்வதற்குப் பதில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பேசிப் பழகுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

எஸ்எஸ்எல்சியில 'கார்த்திகா எம்', பொள்ளாச்சி டிசியில 'எம். கார்த்திகா', பாஸ்போர்ட்டுல 'கார்த்திகா மாரிமுத்து'. இது பிரச்சினை ஆகுமா?

ஆகும், ஆனால் தீர்க்க முடிந்த பிரச்சினை. கேரளாவில் இனிஷியல் பின்னால், தமிழ்நாட்டில் முன்னால். எல்லையில் இரண்டு பக்கமும் படித்த பிள்ளைக்கு மூன்று பெயர். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா விண்ணப்பத்திலும், தேர்வுப் பதிவிலும் எழுத்துப் பிசகாமல் போடுங்கள். மற்றத் தாள்களுக்கு, இந்தப் பெயரெல்லாம் ஒரே ஆள்தான் என்று சொல்லும் ஒன் அண்ட் சேம் சர்ட்டிபிகேட்டை வில்லேஜ் ஆபீஸில் வாங்கி இணைக்கலாம். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விரித்து எழுதிவிடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்றெழுத்து நிற்கும். அப்புறம் அமெரிக்காவில் எல்லாத் தாளிலும் அதுதான் உங்கள் பெயர்.

அப்போஸ்டிலுக்கு, கேரளச் சான்றிதழ்களைக் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் அமைப்பு வழியாகக் கொடுக்கலாம். திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோழிக்கோட்டில் மையங்கள் உண்டு. தமிழ்நாட்டு மார்க் ஷீட்டைத் தமிழ்நாட்டு அரசு வழியாகத்தான் சரிபார்க்க வேண்டும். ஆக பொள்ளாச்சியில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு அலைச்சல் இரண்டு மடங்கு, இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கேரள எஸ்எஸ்எல்சியில் மார்க் இல்லாமல் கிரேடு மட்டும் இருப்பதால், ஏ பிளஸ் என்றால் 90 முதல் 100 வரை என்று தலைமையாசிரியரிடம் ஆங்கிலத்தில் ஒரு விளக்கக் கடிதம் வாங்கி வையுங்கள்.

சார்கிட்ட பரிந்துரைக் கடிதம் கேட்டா, 'நீயே எழுதீட்டு வா, கையெழுத்துப் போடறேன்'ங்கிறாரு. அப்படியே செஞ்சிறலாமா?

வேண்டாம். பதினேழு வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி எழுதியது எப்படி இருக்கும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தன் மின்னஞ்சலிலிருந்து நேரடியாக ஏற்ற வேண்டும், நீங்கள் பார்க்கவே கூடாது. சார் மேலும் தப்பில்லை, அவருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதிப் பழக்கமில்லை. அவருக்கு ஒரு பக்கம் குறிப்பு கொடுங்கள்: எந்தப் பாடத்தில் என்ன செய்தீர்கள், எந்தக் கேள்வி கேட்டு வகுப்பை நிறுத்தினீர்கள், எதில் தோற்று எப்படி மீண்டீர்கள். அவர் தமிழிலோ மலையாளத்திலோ எழுதட்டும், ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்க்கட்டும்.

கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் லெஸ்டர் பியர்சன் உதவித்தொகை கட்டணம், புத்தகம், விடுதி எல்லாம் நாலு வருஷத்துக்குத் தாங்கும். ஆனால் பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும், ஒரு பள்ளிக்கு ஒருவர். நம் பக்கத்துப் பள்ளிகளில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியதும் தலைமையாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். ஓணத்துக்கு அப்புறம் போனால் அவருக்கும் நேரமிருக்காது, உங்களுக்கும் இருக்காது.

கட்டுரையில அப்பா கள்ளு எறக்கறவர்னு எழுதினா பரிதாபம் தேடற மாதிரி இருக்காதா?

பரிதாபத்துக்காக எழுதினால் அப்படித்தான் இருக்கும். எங்களிடம் வந்த பையன் ஒருவன் முதலில் எழுதியது முழுக்க 'வறுமையில் வாடினேன், இருளில் ஒளி தேடினேன்' என்று போனது. வீட்டில் நீ என்னடா வேலை செய்வாய் என்று கேட்டேன். காலையும் மாலையும் எத்தனை லிட்டர் இறங்கியது என்று நோட்டில் எழுதுவது அவன் வேலை. மழை நாளில் எந்த மரம் எவ்வளவு குறைகிறது என்று அவனே ஒரு அட்டவணை போட்டு, அப்பாவிடம் எந்த மரத்தை விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். அதை எழுது என்றேன். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் கள் வண்டி ஏறிக் கேரளா முழுக்கப் போகிறது, அந்தக் கணக்கை வைத்திருக்கும் பையன் ஒருவன்தான் அந்த விண்ணப்பக் கட்டில் இருப்பான்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் கட்டுரைக்கு 650 சொல் வரைதான். அதில் நாற்பது சொல்லைத் தாகூர் மேற்கோளுக்குக் கொடுக்காதீர்கள்.

எப்பத் தொடங்கணும்? ரிசல்ட் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கோம்.

மே மாதம் ரிசல்ட் வரும்போது அந்த வருஷத்துக்கான கதவுகள் பெரும்பாலும் சாத்தியிருக்கும். கொரியா முந்தைய செப்டம்பர், அக்டோபரில். அமெரிக்கா நவம்பரிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை. ஹங்கேரி, துருக்கி தேதிகளை மேலே சொன்னேன். ரிசல்ட்டுக்குப் பிறகும் நம்மூர்ப் பிள்ளைக்கு மிஞ்சுவது ஜப்பானும் இத்தாலியும்: ஜப்பான் விண்ணப்பம் கோடையில் வந்து அடுத்த ஏப்ரலில் படிப்புத் தொடங்கும், இத்தாலியில் உதவித்தொகை விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வரை போகும், ஆனால் பல்கலைக்கழக இடம் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புக் கோடை விடுமுறையில் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். மற்றது தானாக வரிசையில் வரும்.

பாலக்காட்டுல ஒரு ஏஜென்சி நாப்பதாயிரம் கட்டினா ஸ்காலர்ஷிப் கியாரண்டிங்கறாங்க. நம்பலாமா?

மேலே சொன்ன அரசுத் திட்டங்களில் ஜப்பான், கொரியா, ஹங்கேரி, துருக்கி எதற்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. கட்டணம் இல்லாததற்குக் கியாரண்டி விற்கிறார்கள் என்றால் யோசியுங்கள். ஏஜென்சிகள் பெரும்பாலும் பிழைப்பது பல்கலைக்கழகம் கொடுக்கும் கமிஷனில். முழு உதவித்தொகை தரும் இடத்திலிருந்து கமிஷன் வராது, அதனால் அவர்கள் பட்டியலில் அது இருக்காது. ஐம்பது சதவீதத் தள்ளுபடிக்காரர்கள்தான் இருப்பார்கள், பாக்கி நம் தலையில்.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் ஒரு இடத்தில் முன்பணம் கட்டி ஏமாந்தார். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருந்தது. அமெரிக்காவைப் பற்றி இலவசமாகக் கேட்க எஜுகேஷன் யுஎஸ்ஏ என்ற அமைப்பு இருக்கிறது, சென்னையில் அவர்கள் மையம் உண்டு, ஆன்லைனிலும் பேசுகிறார்கள்.

எம்பிபிஎஸ்ஸுக்கு முழு ஸ்காலர்ஷிப் இருக்கா?

அநேகமாக இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் படித்தாலும் திரும்பி வந்து இங்கே டாக்டராக வேண்டுமென்றால் நீட் தேறியிருக்க வேண்டும். 2021 விதிகளின்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலவழி, அங்கேயே ஒரு வருஷப் பயிற்சி. இதைச் சொல்லாமல் சீட்டு விற்கிறவர்களிடம் ஜாக்கிரதை.

நர்ஸிங் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியின் ஆவுஸ்பில்டுங் பட்டப்படிப்பு இல்லை, மூன்று வருஷத் தொழிற்பயிற்சி. ஆனால் படிக்கும்போதே மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் சம்பளம். ஜெர்மன் மொழியை இங்கேயே கற்றுக்கொண்டு போக வேண்டும்.

சித்தப்பா சிங்கப்பூர்ல இருக்கார். அங்க அரசாங்கமே ஃபீஸ்ல பாதி போடுமாமே?

டியூஷன் கிராண்ட் என்று ஒன்று இருக்கிறது. கட்டணம் கணிசமாகக் குறையும், பதிலுக்குப் படித்து முடித்ததும் மூன்று வருஷம் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம். வேலை அங்கேயே வேண்டும் என்கிறவர்களுக்கு அது தண்டனை இல்லை, வரம்தான். மீதிக் கட்டணமே கனமானது என்பதால் பாக்கிக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். சித்தப்பா வீட்டில் தங்கலாம் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம், சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

முழு ஸ்காலர்ஷிப்னாலும் கையை விட்டு எவ்வளவு போகும்? அப்புறம் பாதியில நிறுத்துவாங்களா?

அமெரிக்கா என்றால் விசாவுக்கு 185 டாலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், சில இடத்தில் விமான டிக்கெட், குளிர் உடை, முதல் மாதக் கைச்செலவு. யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று வரி. கட்டணத்துக்குப் போகும் உதவிக்கு வரி இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கொடுப்பதில் 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு வரி ஒப்பந்தத்தில் சலுகை இருக்கிறது, வருஷ முடிவில் கணக்குத் தாக்கல் செய்தால் கொஞ்சம் திரும்பி வரலாம். இரண்டு மூன்று லட்சம் ரூபாயாவது புரட்ட வேண்டியிருக்கும். வித்யா லக்ஷ்மி தளம் வழியாகச் சிறிய கல்விக் கடன் போடலாம். ஏழரை லட்சம் வரை பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்பதில்லை.

நிறுத்துவார்களா என்றால், படிப்பில் பின்தங்கினால் நிறுத்துவார்கள். ஹங்கேரியில் கிரெடிட் கணக்கு உண்டு, இத்தாலியைப் பற்றி முன்பே சொல்லியாயிற்று. அமெரிக்கக் கல்லூரிகளில் வருஷா வருஷம் வருமானத் தாளைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு வேலை கிடைத்து வீட்டு வருமானம் கூடினால் உதவி கொஞ்சம் குறையலாம்.

உங்க சென்டருக்கு வந்தா நீங்களே அப்ளை பண்ணிக் குடுத்திருவீங்களா?

ஸ்கேன், பிரிண்ட், வருமானச் சான்றிதழ், ஒன் அண்ட் சேம் விண்ணப்பம், இதெல்லாம் செய்வோம். விண்ணப்பத்தை நிரப்புவதும் கட்டுரை எழுதுவதும் பிள்ளையின் வேலை. பிள்ளையின் சொந்த மின்னஞ்சலும், அவர்கள் கையிலேயே இருக்கும் போன் நம்பரும் வேண்டும். வேறொரு கடையில் அவசரத்துக்குக் கடைக்காரர் மின்னஞ்சலைப் போட்டுக் கொடுத்து, நேர்காணல் அழைப்பு அதற்குப் போய், யாரும் திறந்து பார்க்காமலே தேதி தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். வரும்போது பாஸ்போர்ட், எஸ்எஸ்எல்சி புத்தகம், பிளஸ் ஒன் மார்க் ஷீட், அப்பாவின் பாஸ்புக் நாலும் எடுத்து வாருங்கள். அந்த நாலுவரிப் பாக்கிக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுக்கொண்டு வந்தால் அரை மணி நேரத்தில் முடித்து அனுப்பிவிடுவேன்.